மணலில் வைத்த மரம்

வேன் வருகிற நாளன்று போடில் காலையிலிருந்து வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். பெருக்கி நிமிர்வதற்குள் மேற்குக் காற்று பிர்ச் இலைகளை அள்ளிக்கொண்டு வந்து மறுபடி கொட்டிவிடும். கொட்டகையிலிருந்து ஹோல்கர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்றுக்கு நீ சம்பளம் இல்லாத வேலைக்காரி ஆகிவிட்டாய் என்று கேலி செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசல் பெருக்குகிறாள் என்றால், காரணம் இலையாக இருக்காது என்பது ஹோல்கருக்கும் தெரியும். முப்பது வருஷமாக அந்த நர்சரியில் வேலை பார்க்கிறவர், அதைக்கூடக் கவனிக்காமல் இருப்பாரா.

ஃபூன் தீவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது அந்த நர்சரி. ஆப்பிள், பேரி, வேலிக்கான பீச் கன்றுகள், அவ்வளவுதான். போல் என்ற அவள் கணவன் இறந்த பிறகு ஐந்து வருஷமாகப் போடிலும் ஹோல்கருமாக அதை ஓட்டுகிறார்கள். இலையுதிர் காலத்துக்கு மட்டும் இரண்டு பேர் போதாது. இலை பழுக்கத் தொடங்கும்போது லிதுவேனியாவிலிருந்து வேனில் நான்கைந்து பேர் வருவார்கள். மரங்களைத் தோண்டி, மண்ணை உதறி, வெறும் வேரோடு கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் உள்ள நீள மணல் குழியில் வேர் மூட நிறுத்தி வைப்பார்கள். ஆர்டர் வரவர அங்கிருந்து எடுத்து அனுப்புவார்கள். தரை உறைந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஒன்பது வருஷமாக அந்த வேனை ஓட்டி வருகிறவன் ஆல்கிஸ்.

வேன் வந்தது. பழைய ஆட்கள் இறங்கி, கை கொடுத்து, சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்கள். ஆல்கிஸ் கடைசியாக இறங்கினான். இறங்கியவன் அவள் பக்கம் வராமல் திரும்பி, வேனுக்குள் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நீல நிறத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் இறங்கினாள்.

"இது ஓனா" என்றான். "என் மனைவி. ஆகஸ்ட்ல கல்யாணம் ஆச்சு. உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னா இவளும் வேலை செய்வா."

உங்களுக்கு. அரண்மனையில் இருக்கிற ராஜா குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் 'நீங்க' என்று சொல்லாத ஊர் அது. போன வருஷம் வரைக்கும் 'போடில், காபி போடு' என்று கொட்டகையிலிருந்து கத்தினவன் அவன்.

போடில் ஓனாவுக்குக் கை கொடுத்தாள். நல்லா இருங்க என்றோ என்னவோ சொன்னாள். அப்போதுதான் ஆல்கிஸின் பார்வை வீட்டு வாசலுக்குப் போனது. கதவுக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்துக்கு மேல், குச்சியில் கட்டப்பட்டு ஒரு பிளம் மரம் நின்றுகொண்டிருந்தது. இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"எப்போ நட்டீங்க?" என்று கேட்டான்.

"ஜூன்ல."

"ஜூன்ல யாராவது மரம் நடுவாங்களா?"

"நான் நட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பார்த்தான். "பிழைச்சிருச்சே" என்றான். பிறகு பெட்டிகளை இறக்கப் போய்விட்டான்.

அந்த மரத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓனா இறங்கியதும் போடிலின் முகம் ஏன் வெளுத்துப்போனது என்று தெரியாது.

அந்த நர்சரியில் போலின் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில், வெளியூர் ஆட்கள் ஒவ்வொருவரும் நிலத்தில் நிற்கிற மரங்களில் தனக்குப் பிடித்த ஒன்றைக் காட்டலாம். எந்த மரமானாலும் சரி. முதலாளி தன் கையால் அதைத் தோண்டி, வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுக்க வேண்டும். மறுபேச்சுக் கிடையாது. ஆல்கிஸின் ஊரில் இப்படிக் கிடைத்த மரங்களே ஒரு சின்னத் தோப்பாகிவிட்டன. ஆனால் போன வருஷம் அவன் எதையும் காட்டவில்லை. தலைகீழாக, அவன்தான் அவளுக்கு ஒரு மரம் கொடுத்தான். தன் அம்மா வீட்டுத் தோட்டத்துப் பிளம் மரத்தின் பக்கக் கன்று. அக்டோபரில் வரும்போதே கொண்டுவந்து, தன் அறை வாசலில் தொட்டியில் வைத்திருந்தான். யாருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

வேன் கிளம்பத் தயாராக நின்றபோது அதைத் தொட்டியிலிருந்து உருவி, மண்ணை உதறி, அவள் கையில் கொடுத்தான். "வாசல்ல நடு போடில்" என்றான். "நீ நட்டுட்டேன்னா நான் இங்கேயே வந்துடறேன். திரும்பிப் போக மாட்டேன்."

நாற்பத்தெட்டு வயதுக்காரன், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். அவளுக்கு அப்போதே கடப்பாரையை எடுத்துத் தரையைப் பிளந்து நட்டுவிட வேண்டும்போலத்தான் இருந்தது. நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. வாயில் வந்ததோ வேறு.

"தரை உறைஞ்சு கிடக்கு" என்றாள். "இப்போதைக்கு மணல்ல வைக்கிறேன்."

அது பொய்யில்லை. தரை உறைந்துதான் கிடந்தது. நர்சரிக்காரர்களுக்குள் அந்தப் பேச்சு மறுப்பும் இல்லை. மணலில் வைத்த மரம் செத்துப்போகாது, காத்துக்கொண்டிருக்கும். ஆல்கிஸ் தலையாட்டினான். "சரி, மணல்ல வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மணலில் வைப்பதற்கு ஒரு கெடு உண்டு. மொட்டு வெடிப்பதற்குள் எடுத்து நட்டாக வேண்டும். மே மாதம் குழியில் நின்று இலைவிடுகிற மரம், யாருக்கும் வேண்டாமல் போன மரம். ஹோல்கர் அவற்றைக் குவித்து எரித்துவிடுவார். இது போடிலுக்குத் தெரியாதா? வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் அவள். ஆனால் மார்ச்சில் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள், திரும்பி வந்துவிடுவாள். ஓடென்ஸே நகரத்தில் இருக்கிற மகளிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்கு அப்புறம் வேன்ல வர்ற ஆளா என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் காதில் கிடந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன. பயந்தாள், அதுதான் உண்மை. பயத்துக்கு ஒரு நல்ல பெயரும் கண்டுபிடித்தாள்: மரம் நட வசந்தத்தைவிட இலையுதிர் காலம்தானே உத்தமம்? அவன் அக்டோபரில் வரட்டும், அவன் குழி வெட்ட, நான் மரத்தைப் பிடிக்க, இரண்டு பேருமாக நடலாம். இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களுக்கு 'அவசரப்படாதீங்க, பருவம் வரட்டும்' என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சைத் தானே நம்பிவிட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதை மறந்துபோனாள்.

ஜூன் தொடக்கத்தில் ஹோல்கர் குழியைக் காலி செய்தபோது, எரிக்க வேண்டிய குவியலின் மேலே அந்தப் பிளம் கிடந்தது. இலை முழுக்க விரிந்து, வெயிலில் துவண்டிருந்தது. போடில் பார்த்துவிட்டாள். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பாதி இலையைக் கிள்ளி எறிந்து, வாசலில் நட்டு, சாக்குப் பந்தல் போட்டு, கோடை முழுக்கச் சாயங்காலம் தவறாமல் வாளி வாளியாக ஊற்றினாள். ஜூனில் நட்ட மரம் பிழைக்காது என்பார்கள். அது பிழைத்தது. அவளுடைய சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும். அக்டோபரில் அவன் வந்து பார்த்தாலே போதும், வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டாள்.

அவன் வந்து பார்த்துவிட்டான்.

ஆல்கிஸ் எப்போதும் தங்குகிற அறை கொட்டகைக்கு மேலே இருந்தது. அதில் ஒற்றைக் கட்டில்தான். அன்று சாயங்காலம் போடிலே வீட்டிலிருந்து இன்னொரு மெத்தையை இழுத்துக்கொண்டு போய், படியில் ஏற்றி, இரண்டையும் சேர்த்துப் போட்டு, மேலே ஒரே விரிப்பாக விரித்தாள். ஹோல்கர் உதவ வந்தபோது வேண்டாம் என்றாள். விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தலையணை உறைகளையும் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

வேலை நடந்தது. மனசு உடைந்தால் பீச் கன்றுகள் காத்திருக்குமா? டிராக்டர் மண்ணைத் தூக்கிக் கொடுக்கும், பின்னாலேயே போய் இழுத்து, உதறி, கட்ட வேண்டும். போன வருஷம் வரை போடிலும் ஆல்கிஸும்தான் ஒரு வரிசைக்கு ஜோடி. அவன் இழுப்பான், அவள் கட்டுவாள். இந்த வருஷம் அவன் ஓனாவோடு வேலை செய்தான். போடில் ஹோல்கரோடு. ஹோல்கர் நாள் முழுக்கத் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார்.

ஓனா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை. சுறுசுறுப்பு, சுத்தமான கை, காபிக் குவளைகளைச் சொல்லாமலே கழுவி வைக்கிற குணம். நவம்பரில் கல்லறைகளுக்கு ஊசியிலைக் கிளை போடுகிற வேலை வந்தது. குளிருக்கு முன்னால் ஒவ்வொரு கல்லறையையும் பச்சைக் கிளைகளால் ஓடு வேய்ந்த மாதிரி மூடிவிட வேண்டும். ஊர்ச் சர்ச்சின் கல்லறைகளெல்லாம் போடிலின் பொறுப்பு. ஓனா முழங்காலிட்டு, கிளையின் வெட்டுமுனை வெளியே தெரியாமல் அவ்வளவு அழகாக அடுக்கினாள்.

ஒரு கல்லறையில் போடில் மற்றவற்றைவிட அதிக நேரம் நின்றதைப் பார்த்து, இது யார் என்று ஓனா கேட்டாள். என் புருஷன் என்றாள் போடில். ஓனா தன் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போலின் கல்லறைக்கு இன்னொரு அடுக்குக் கிளை போட்டாள். தன் முதல் கணவனும் மரம் வெட்டப் போன இடத்தில் இறந்துவிட்டான் என்றாள். பதினோரு வருஷம் தனியாக இருந்தேன், ஆல்கிஸ் கேட்டபோது யோசிக்கக்கூட இல்லை என்றாள்.

"நமக்கெல்லாம் ரெண்டு தடவை யாரு கேப்பாங்கம்மா?" என்றாள். "கேட்ட உடனே சரின்னுட்டேன்."

போடில் கிளைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அதே வாரம்தான் ஹோல்கர் வாயைத் திறந்தார். மழைக்கு ஒதுங்கிக் கொட்டகையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆல்கிஸ் திடுதிப்பென்று கல்யாணம் செய்துகொண்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. மனுஷர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

"மே மாசம் போன் பண்ணினான். வேன் எந்தத் தேதி வரணும்னு கேட்டான். அப்புறம் அந்தப் பிளம் இன்னும் மணல்லயா இருக்குன்னான். ஆமாப்பா, இலையே விட்டுடுச்சு, அடுத்த வாரம் எரிக்கப் போறேன்னேன். சரின்னு வச்சுட்டான்."

போடில் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல ஹோல்கர்?"

"என்னத்தைச் சொல்றது? மரத்தைப் பத்திக் கேட்டான், மரத்தைப் பத்திச் சொன்னேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்தார். முழங்கால் வலியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆல்கிஸும் தோட்டக்காரன்தானே. மே மாதம் மணலில் இலைவிட்ட மரம் என்றால் என்ன பதில் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் கேட்டான், பதில் கிடைத்தது, ஊரில் இருந்த ஒரு நல்ல பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் போனை வைத்த சில நாளிலேயே அவள் அதை நட்டிருந்தாள். ஒரு போன் செய்திருந்தால் போதும். பொறுமைக்காரி என்று பெயர் வாங்கியவள், அந்தப் பொறுமையாலேயே கெட்டாள்.

நவம்பர் கடைசியில் தரையில் முதல் உறைபனி பிடித்தது. கடைசி நாள் மத்தியானம் கொட்டகையில் பன்றி வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் வைத்துச் சாப்பாடு போட்டாள் போடில். சாப்பிட்டதும் வழக்கப்படி ஒவ்வொருவராக மரம் காட்டினார்கள். ஒருவன் பேரி, ஒருவன் ஆப்பிள். ஆல்கிஸ் எதுவும் வேண்டாம் என்றான். கடைசியில் ஓனாவின் முறை. அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்து போய், வீட்டு வாசலில் நின்ற பிளம் மரத்தைத் தொட்டாள்.

"ஓனா, அது வேண்டாம். வேற எடு" என்றான் ஆல்கிஸ்.

"ஏன்? எந்த மரமானாலும்னு சொன்னாங்களே." அவள் போடிலைப் பார்த்தாள். "இவர் அம்மா வீட்டு மரம்னு ஹோல்கர் சொன்னார். இவர் அண்ணன் அந்த வீட்டை வித்துட்டாரும்மா. வாங்கினவன் தோட்டத்தையே சுத்தமா வெட்டிட்டான். இவர் அதைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டார், ஆனா எனக்குத் தெரியும், உள்ளுக்குள்ள அழறார். உலகத்துல இது ஒண்ணுதான் மிச்சம். எங்க வீட்டு வாசல்ல நடலாம்னு..."

ஹோல்கர் தொப்பியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல போடிலுக்கு ஒரு காரணம் வேண்டும். அவளிடம் இருந்த ஒரே காரணத்தை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"வழக்கம்னா வழக்கம்தான்" என்றாள். "ஈரச் சாக்கு கொட்டகையில இருக்கு, எடுத்துட்டு வா."

ஓனா ஓடினாள். மற்றவர்கள் வேனில் சாமான்களை ஏற்றப் போனார்கள். போடில் மண்வெட்டியை எடுத்தாள். ஒருவர் தோண்டும்போது ஒருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆல்கிஸ் வந்து பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷமாகப் பழகின கைகள், யார் எங்கே நிற்பது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் தள்ளி நின்று, வட்டமாக, ஒரு வேர்கூட அறுபடாமல் நேர்க்காம்பு மண்வெட்டியைக் காலால் மிதித்து மிதித்து இறக்கினாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு பதமாக ஒரு மரத்தைத் தோண்டியதில்லை. மரம் மேலே வந்தது. பழைய வேரைச் சுற்றி, வெள்ளை வெளேரென்று புதுவேர் கொத்துக் கொத்தாக விட்டிருந்தது.

ஆல்கிஸ் அந்த வேர்களை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான்.

"எரிச்சிட்டாங்கன்னு நினைச்சேன்."

"எரிக்க விடல."

"ஜூன்ல நட்டு, கோடை முழுக்கத் தண்ணி ஊத்தியிருக்க." 'நீங்க' எங்கேயோ போய்விட்டது. "எதுக்கு?"

"நீ வர்றப்போ பாக்கணும்னுதான்."

அவன் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே போடில்."

"பண்ணியிருக்கலாம்" என்றாள் அவள்.

ஓனா சாக்கோடு ஓடி வந்தாள். ஆல்கிஸ் மரத்தைக் குழிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றான். திரும்ப அதிலேயே இறக்கிவிடுவானோ என்று ஒரு கணம் போடிலுக்குத் தோன்றியது. இறக்கிவிடேன் என்று நெஞ்சு கெஞ்சியது. அவள் கை நீட்டி மரத்தை வாங்கிக்கொண்டாள். தரையில் முழங்காலிட்டு, வேர்களை ஒன்றின் மேல் ஒன்று படாமல் சாக்கில் விரித்து, சுற்றி, சணல் கயிற்றால் கட்டினாள். கட்டி முடித்து எழுந்து, ஓனாவின் கையில் கொடுத்தாள்.

"போன உடனே நட்டுடும்மா" என்றாள். "தரை உறைஞ்சிருந்தா கடப்பாரையால பிளந்து நடு. மணல்ல மட்டும் வைக்காதே."

சரிம்மா என்று ஓனா அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். ஆல்கிஸ் வேனில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தான். பிறகு திருப்பினான்.

வேன் போன பிறகு ஹோல்கர் குழியை மூட மண்வெட்டியோடு வந்தார். போடில் வேண்டாம் என்றாள். சாப்பாட்டுத் தட்டுகளையெல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்து, தானே அதை மூடினாள். மேல் மண் அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது.